கல்லாயி வகையறாவின் கழுத்துச் சத்தம்

முதலில் சத்தம்தான் வந்தது. சர்ர்ர் உஸ், சர்ர்ர் உஸ் என்று, ஜவ்வரிசி ஆலையில் ஈர மாவைத் தொட்டில் துணியில் கொட்டிக் குலுக்கும்போது வருமே, அச்சு அசலாக அந்தச் சத்தம். புறக்கடையில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த கோசலை, ஆலையை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது, இந்த மனுசன் இன்னும் கூழ் குடித்து முடிக்கவில்லையே என்று நினைத்து நிமிர்ந்தால், ஆலைப் புகைபோக்கியில் புகையைக் காணோம். ஊரில் மூன்று நாளாகக் கரண்டும் இல்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. உள்ளே அவள் புருசன் இருசப்பன், ஆலையில் ஜவ்வரிசி வறுக்கிறவன், கம்மங்கூழும் மோர்மிளகாயுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் அவன் கழுத்தில், தாடைக்குக் கீழே இடது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

என்னங்க அது என்று கேட்டாள். காலையிலிருந்தே இருக்குது, இன்னொரு மிளகாய் இருந்தால் போடு என்றான்.

மத்தியானத்துக்குள் கல்லாயி வகையறாவின் நாற்பத்து மூன்று வீட்டிலும் எந்தக் கழுத்து ஓடுகிறது, எது ஓடவில்லை என்பது தெரிந்துவிட்டது. கல்லாயி அவர்கள் குலசாமி; அவள் பெயரால்தான் அந்தப் பங்காளிக் கூட்டத்துக்கே பெயர். வாக்கப்பட்டு வந்த பெண்கள் ஒருத்திக்கும் சத்தம் இல்லை. அந்த ரத்தத்தில் பிறந்தவர்களுக்குத்தான். அதிலும் எல்லோருக்கும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று ஓடியது, ஒன்று சும்மா இருந்தது. கோசலையின் பெண்களில் மூத்தவள் கழுத்து அமைதி. இளையவள் கழுத்தில் காதை ஒட்டிவைத்தால் தூரத்துக் கொசுவைப் போல ஒன்று. அன்று முழுக்க கோசலை இளையவளை விட்டு நகரவில்லை.

அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வகையறாவில் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது பல தலைமுறை வழக்கம். எங்கள் தாத்தனுக்கு இழுத்தது, அப்பனுக்கு இழுத்தது, பெரியப்பனுக்கு இரண்டு தரம் இழுத்தது என்று கிணறு வெட்டிய பெருமையைப்போலச் சொல்லுவார்கள். இருசப்பனின் அண்ணன் மாதையனுக்கும் நாற்பத்தொன்பதில் இழுத்து, மூன்று வருடமாகக் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறார். பெண்டாட்டி முன்னமே செத்துப்போனதால் கோசலைதான் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம். ஆலையில் மேஸ்திரியாக இருந்து நூறு பேரை வாயாலேயே வேலை வாங்கியவருக்கு இப்போது மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. பசிக்குதா மாமா என்றால் மயிரு என்பார். வலிக்குதா என்றால் மயிரு. மகள் ஊரிலிருந்து வந்து காலடியில் நின்றபோது கண்ணீர் வழிய வழிய அதையேதான் சொன்னார். எந்த ராகத்தில் சொன்னால் தண்ணீர், எந்த ராகத்தில் சொன்னால் முதுகு எரிகிறது என்று கோசலைக்குத் தெரியும். அவருக்கு விழுந்தது வலது கையும் காலும். கழுத்தில் சும்மா கிடந்தது இடது பக்கம். வலது பக்கம் மட்டும் மெலிசாக ஓடியது. அடைத்த வாய்க்கால் எது, ஓடுகிற வாய்க்கால் எது என்று கோசலை அவர் கழுத்தில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டாள். புருசன் கழுத்தில் இப்போது ஓடுகிற இடமும், அண்ணனுக்கு அடைத்துப்போன அதே இடதுதான்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பஸ்ஸில் கல்லாயி வகையறா ஏறினால் கண்டக்டர் பின்சீட்டுக்கு அனுப்பினார். போனில் பேசினால் எதிர்முனையில் மாவு மில்லில் நின்று பேசுகிறாயா என்று கேட்டார்கள். சவரக்கடைக்காரர் கழுத்துக்கிட்டே கத்தி வைக்கும்போது தாளம் தப்பாமல் கை தானாக ஆடுகிறது என்று குறைப்பட்டார். எழவு வீட்டில் ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் முப்பது கழுத்தும் ஒன்றாகக் குலுங்கியதில் செத்தவனே எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள். சத்தம் உள்ளவர்களுக்கு நான்கே நாளில் அது காதில் விழாமல் போயிற்று. பக்கத்தில் படுத்திருந்த பெண்டாட்டிகளுக்குத்தான் தூக்கம் போயிற்று, ஆனால் அவர்கள் தூக்கத்தைப் பற்றி அந்த வகையறாவில் எப்போதுமே யாரும் கேட்டதில்லை.

இப்படியே விட்டிருந்தால் அது ஒரு நோவாகவே இருந்திருக்கும். கெடுத்தது பரிவட்டம்.

கல்லாயி கோயில் திருவிழாவில் மூத்த வழிப் பங்காளியின் தலையில் ஒரு துணியைக் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். நாலு முழத் துணி. அதற்காக வகையறாவின் நான்கு கிளை வழிக்காரர்களும் நாங்கள்தான் மூத்தவர்கள் என்று முப்பத்தொரு வருடமாகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வழக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் இழுத்துக்கொண்டு படுத்தார்கள், மீதிப்பேர் அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி கோர்ட்டுக்கு நடந்தார்கள். அந்த நேரத்தில்தான் டீக்கடையில் ஒருவன், யாரென்று பிறகு பத்துப்பேர் உரிமை கொண்டாடினார்கள், கல்லாயிக்கே வழக்கு அலுத்துப்போய் அடையாளம் வைத்திருக்கிறாள், எவன் கழுத்து அதிகம் சத்தம் போடுகிறதோ அவன்தான் மூத்த ரத்தம் என்றான். அதைக் கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. இதைத்தானே நாமும் நினைத்தோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு கழுத்து ஓடாத பங்காளிகள் பாடு பெரும்பாடு. நாற்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அவர்கள் தாய்மாரை டீக்கடைப் பெஞ்சில் நிறுத்தி விசாரித்தார்கள். பெண்பிள்ளைகளின் சத்தத்தை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அது வேறு வீட்டுக்குப் போகிற ரத்தம். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் மட்டும் ஜாதகத்தோடு கழுத்தையும் காட்டச் சொன்னார்கள்.

துணைச் சுகாதார நிலைய நர்ஸ் எஸ்தர் சொல்லி, வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்து குழாய் குழாயாக ரத்தம் எடுத்துப்போனார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு இளம் டாக்டரம்மா வந்து புங்கமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். இது பரம்பரையாக ரத்தத்தில் வருவது. ஏதோ ஒரு பெரிய குறையல்ல, சின்னச் சின்னதாகப் பல சேர்ந்தது. அழுத்தம் ஏறுகிற குணம், கொழுப்புப் படிகிற குணம், ரத்தம் சீக்கிரம் கட்டியாகிற குணம். குழாய் குறுகின இடத்தில் ரத்தம் நெருக்கிக்கொண்டு போகிற சத்தம்தான் இது. மரவள்ளிக் குச்சி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், குச்சி உங்கள் பாட்டன் கொடுத்தது, அதற்குத் தண்ணீர் விட்டு வளர்ப்பது உங்கள் உப்பும் புகையிலையும். மாத்திரையைத் தினமும் போட்டு, உப்பைக் குறைத்து, புகையிலையை விட்டால் முக்கால்வாசிப் பேருக்கு விழாமலே போகும், சத்தமும் குறையும் என்றாள். இவ்வளவும் சொன்னாள். அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பெரிய பிளக்ஸ் பேனர் நின்றது: மருத்துவத் துறையே ஒப்புக்கொண்ட மூத்த ரத்தம்.

மாத்திரை போட்டால் சத்தம் குறையும் என்பதும் பிறகு காதில் விழத்தான் செய்தது, ஆனால் வேறு விதமாக. கீழ் வழியில் பொன்னான் என்கிறவன் ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டான். சத்தத்தில் ஊரிலேயே மூன்றாவதாக இருந்தவன் ஒன்பதாவதாக இறங்கிப்போனான். அன்று மாலையே மொத்த மாத்திரையும் குப்பைமேட்டுக்குப் போயிற்று. அவனைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொஞ்ச காலம் அந்த ஊரில் ரத்த அழுத்தம் சீராக இருந்த ஜீவன்கள் குப்பைமேட்டுக் கோழிகள் மட்டும்தான்.

திருவிழா நெருங்க நெருங்கக் கழுத்தை வளர்க்க ஆரம்பித்தார்கள். காலையில் கருவாடு, மத்தியானம் உப்புக்கண்டம், ஊறுகாயைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளாமல் சோற்றை ஊறுகாய்க்குத் தொட்டுக்கொண்டார்கள். விட்ட புகையிலையைத் திரும்பப் பிடித்தார்கள். மேல் வழிச் சடையாண்டி, அரிசி மண்டிக்காரன், ஆறடி ஆள், அவன் கழுத்துச் சத்தத்துக்குக் கோபுரத்துப் புறா எழுந்து பறந்தது. அவனைப் பார்த்துப் பார்த்து இருசப்பனும் கல்லுப்பை வாயில் போட்டு மிட்டாயைப்போலச் சப்பினான். வயது நாற்பத்தெட்டு. எஸ்தர் அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, கோசலையைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, இந்த வருசம் தாண்டாது என்று மட்டும் சொன்னாள்.

கோசலை கெஞ்சினாள். குழந்தைகளைக் காட்டினாள். கட்டிலில் கிடக்கிற அண்ணனைக் காட்டினாள். இருசப்பன் கட்டிலைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்டு வெகுநாளாயிற்று. மாத்திரையைக் கூழில் பொடித்துப் போட்டுப் பார்த்தாள். கசக்கிறது என்று சட்டியோடு வீசினான். கடைசியில் ஒருநாள் ஆத்தூருக்குப் பஸ் ஏறிப்போய், செல்போன் பழுது பார்க்கிற கடையில் நின்று தனக்கு வேண்டியதை வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீன்தொட்டியில் குமிழி விடுகிற குட்டி மோட்டாரில் பேட்டரி பொருத்தி, தீப்பெட்டி அளவில் ஒன்று செய்து கொடுத்தார்.

அதைக் கொண்டுவந்து புருசன் முன்னால் வைத்து, பக்கத்திலேயே மாத்திரையையும் வைத்தாள்.

"இதை முழுங்குங்க. சத்தத்துக்கு நான் பொறுப்பு."

"எங்க வம்சத்துச் சத்தத்தைக் கடையில வாங்கியாந்தியா நீ?"

"உங்க வம்சம் உள்ள கட்டில்ல கெடக்குது. பீ மூத்திரம் அள்றவ நானு. இன்னொரு கட்டில் போட இந்த வீட்டுல எடமில்ல."

கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் மோட்டாரின் பொத்தானை அமுக்கினாள். சர்ர்ர் உஸ் என்று அது கிளம்பியதும் கூரையில் ஓடிய பல்லி நின்றது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் அண்ணனை நினைத்தோ, பெண்களை நினைத்தோ இறங்கிவந்தான் என்று யாராவது எழுதினால் அது பொய். அந்தச் சத்தம் சடையாண்டியின் சத்தத்துக்குக் கொஞ்சமும் குறைவாக இல்லை, அதற்காகத்தான் இறங்கிவந்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடும் என்று கேட்டான். மாத்திரையை முழுங்கினான். உள்ளே மாதையன் எந்த ராகத்திலும் சேராத ஒரு ராகத்தில் தன் வார்த்தையைச் சொன்னார். இரண்டு மாதம் துண்டுக்குள் மோட்டாரும் வயிற்றுக்குள் மாத்திரையுமாக இருசப்பன் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தான். உள்ளே உண்மைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, அவன் குளிக்கும்போது கோசலை முதுகு தேய்க்கிற சாக்கில் காது கொடுத்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வந்தது.

பங்குனியில் திருவிழா. காலைப் பத்து மணி வெயிலில் பந்தல் போட்டு, கயிறு கட்டி ஆணும் பெண்ணும் தனித்தனியாக நின்றார்கள். ஒவ்வொரு கழுத்தாக மைக் வைத்துப் பார்த்தார்கள். சடையாண்டியிடம் வந்ததும் ஒலிபெருக்கி கீச்சிட்டது. அவன்தான் மூத்த ரத்தம் என்றார் பூசாரி. கொட்டுக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த நாலு முழத் துணியை அவன் தலையில் சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் அவன் கழுத்துச் சத்தம் நின்றது.

அத்தனை பேருக்கும் புல்லரித்தது. கல்லாயி உற்றுக் கேட்கிறாள் என்றார்கள். சடையாண்டியின் வாய் வலது பக்கம் தொங்கியது. சாமி சிரிக்கிறது என்றார்கள். வலது கை வெடுக்கென்று விழுந்தது. ஆசீர்வாதம் பண்ணுகிறது என்று காலில் விழுந்தார்கள். குழறலாக ஏதோ வந்தது. அருள்வாக்கு என்று செல்போனில் பிடித்தார்கள். பெண்கள் பக்கமிருந்து கோசலை மட்டும் கத்தினாள். அவருக்கு இழுத்துக்கிச்சு, வண்டியக் கொண்டாங்க, இப்பப் போனா காப்பாத்திரலாம் என்றாள். பக்கத்தில் நின்ற சடையாண்டியின் பெண்டாட்டி அங்கம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். இன்னொரு ஊரிலிருந்து வந்தவளுக்கு எங்கள் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்றாள். அவளும் இன்னொரு ஊரிலிருந்து வந்தவள்தான். முக்கால் மணி நேரம் சூடம் காட்டினார்கள். அவன் வேட்டி நனைந்த பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்து, ஆலை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள்.

வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்த கவலை வந்துவிட்டது. பெட்டியைவிட்டு எடுத்த துணி ஒரு தலையில் கட்டி முடிக்காமல் பெட்டிக்குள் போகக்கூடாதாம். அடுத்த சத்தம் யார் என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருசப்பன்தான். சூடத்தை அடித்து, இது என் ரத்தத்தின் சத்தம் என்று சத்தியம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினான். குரல்கூட நடுங்கவில்லை. பிறகு பூசாரி, கட்டின தலைக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம், கோயிலிலேயே தங்க வேண்டும், மருந்து மாத்திரை வாயில் படக்கூடாது என்றார். சரிங்க சாமி என்றான் இருசப்பன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கோசலையை அவன் பார்க்கவே இல்லை.

அவள் நாற்பத்தெட்டு என்பதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப்பார்த்தாள். பிறகு கயிற்றைக் குனிந்து தாண்டினாள். ஆண்கள் பக்கம் ஒரு பெண் நடந்து வருவதை அந்தப் பந்தல் அதுவரை பார்த்ததில்லையாதலால் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. நேரே போய் அவன் தோள் துண்டைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் மண்ணில் விழுந்து, மல்லாந்த வண்டு மாதிரி சுற்றிச் சுற்றிக் கத்தியது. மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது.

"இது மாத்திரை திங்கிற கழுத்து," என்றாள். "வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். பொன்னானுக்குக் கட்டினார்கள், குப்பைமேட்டில் மாத்திரையைக் கொட்டிய புண்ணியம் வீண்போகவில்லை. பொய்ச் சத்தியத்துக்காக இருசப்பனைப் பன்னிரண்டு வருடத்துக்குக் கோயில் வாசலில் ஏறக்கூடாது என்று தள்ளிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவன் தட்டை வீசினான், அடுப்பை உதைத்தான், தாலி கட்டிய நாளைத் திட்டினான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். மறுநாள் காலையில் தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் மாத்திரை இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி எதற்காக வேண்டாமென்று இருப்பது என்று சுவரிடம் கேட்டுவிட்டு, ஒரு வசவை முழுங்குவதுபோல முழுங்கினான். அதற்கு அடுத்த நாளும் முழுங்கினான். காப்பாற்றிக்கொள்ள மானம் என்று ஒன்று இல்லாமல் போனதும் அந்த வீட்டில் உயிர் கொஞ்சம் பத்திரமாக இருந்தது.

ஒரு வாரம் யாரும் கோசலையிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு, ஆண்கள் ஆலைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒவ்வொருத்தியாகப் புறக்கடை வழியாக வந்தார்கள். உப்பு வாங்க வந்ததுபோல ஒருத்தி, கோழியைத் தேடி வந்ததுபோல ஒருத்தி. ஆத்தூரில் அது எந்தக் கடை அக்கா என்று கேட்டார்கள். துண்டில் வைத்தால் விழுந்துவிடுகிறது, சட்டைக் காலரில் வைத்துத் தைக்கலாமா என்று ஒருத்தி யோசனை கேட்டாள். பொன்னான் பெண்டாட்டி, விரதம் முடிகிறவரைக்கும் அவருக்கு உடம்பு தாங்குமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். கோசலை கடைக்கு வழி சொன்னாள். மாத்திரைக்கு எஸ்தரைப் பார்க்கச் சொன்னாள். இளையவளையும் மூத்தவளையும் அன்றிலிருந்து உப்பில்லாத சோற்றுக்குப் பழக்கினாள். இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றன.

இருபதாவது நாள் அங்கம்மாள் வந்தாள். சடையாண்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று அங்கே சொன்னார்களாம். அவள் வாசற்படியில் ஏறாமல் நின்றாள். கோசலை மாதையனை ஒருக்களித்துப் பிடித்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"புரட்ட வரலீங்க," என்றாள் அங்கம்மாள். "கனமா இருக்குது. இடுப்புக்கிட்ட புண்ணு விழுந்திருச்சு."

கோசலை கட்டிலின் அந்தப் பக்கத்தைக் கண்ணால் காட்டினாள்.

"உள்ள வா. தோளைப் பிடிக்காத, இடுப்புக்கடியில கையக் குடு. கால மொதல்ல மடக்கிக்கணும்."

அங்கம்மாள் உள்ளே வந்து கட்டிலின் அந்தப் பக்கம் குனிந்தாள். கோசலை துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.